டயாலிசிஸ் அறை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு



செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், காலை ஆறு மணி ஷிப்டுக்கு அப்பாவையோ அம்மாவையோ கைப்பிடித்து அழைத்துவரும் உங்களுக்கு இந்தக் கடிதம். என்னை உங்களுக்குத் தெரியும். எடை மெஷினை ஒட்டிய பெஞ்சில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நம்பர் கட்டில் பெரியவரின் மகள்.

பத்து நாளைக்கு முன்பு உங்களில் ஒரு தம்பி தன் போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, நீங்க ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிதானே பண்றீங்க? நோபல் பரிசு வாங்கின சின்ன ஆர்.என்.ஏ., சர்க்கரையில கெட்டுப்போன கிட்னியைச் சரி பண்ணிடும்னு இதுல போட்டிருக்கான். எங்க கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?" எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது எதையோ விற்பதற்கு அவர் தயாராகிவிட்டது குரலிலேயே தெரிந்தது. "அது இன்னும் வரல தம்பி" என்றேன். அதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது தம்பி இல்லை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

அந்தச் செய்தியில் ஒரு பங்கு நிஜம். 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்களுக்குக் கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில், லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் செய்யாமல் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை மட்டும் உண்டாக்குவதை அம்ப்ரோஸின் குழு 1993இல் கண்டது. அந்தக் குட்டி என்ன வேலை செய்கிறது என்பதை ரவ்கனின் குழு அதே ஆண்டில் காட்டியது. புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். 2000க்குப் பிறகுதான் ஈ, மீன், எலி, மனிதன் என்று தேடிய இடத்திலெல்லாம் இவை அகப்பட்டன. நாங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறோம்.

அது செய்யும் வேலையை நம் வீட்டு வழக்கத்திலிருந்தே சொல்கிறேன். மூலப் பத்திரத்தை யாரும் எடுத்த எடுப்பில் வெளியே கொண்டுபோவதில்லை. அது பீரோவுக்குள் இருக்கும்; காரியத்துக்கு ஜெராக்ஸ்தான் போகும். செல்லுக்குள் டி.என்.ஏ.தான் மூலப் பத்திரம். ஒரு புரதம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆர்.என்.ஏ.வில் ஒரு நகல் எடுக்கப்பட்டு வெளியே போகும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு. நகலின் வால்பக்கத்தில் தனக்குப் பொருந்துகிற ஏழெட்டு எழுத்தைப் பார்த்தால் போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே வரும் புரதக்கூட்டம் அந்த நகலை வேலைக்கு ஆகாமல் செய்துவிடும். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான நகல்களில் கை வைக்கும். முழுவதுமாக நிறுத்துவது அபூர்வம். பெரும்பாலும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் நூல்போன்ற ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. அந்தச் சுருளை உள்ளிருந்து தாங்குபவை மெசாஞ்சியல் செல்கள். வெளியே இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பாதங்களைக் கோத்துக்கொண்டு நிற்பவை போடோசைட் செல்கள். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு இந்த முடிச்சுகள் வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைப் பின்னால் வரும் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உள்ளே நம் அப்பா அம்மாக்கள் நான்கு மணி நேரம் படுத்திருக்க, கையளவு பிளாஸ்டிக் உருளை ஒன்று செய்ய முயல்வது இந்த வேலையைத்தான்.

சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் முடிச்சுக்குள் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் கூடுகிறது. காயம் ஆறும்போது தழும்பு போடச் சொல்லும் புரதம் அது. இங்கே வெளியே தெரிகிற காயம் இல்லை, ஆனால் தழும்பு மட்டும் விழுந்துகொண்டே போகிறது. கொலாஜன் நாராக நாராகச் சேர்ந்து முடிச்சு இறுகுகிறது. இந்தச் சங்கிலியில் சின்ன ஆர்.என்.ஏ. எங்கே நுழைகிறது என்று 2007இல் அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையத்தில் ராமா நடராஜனின் குழு காட்டியது. கொலாஜன் மரபணுவின் மேல் சாதாரணமாக ஒரு தடைப்புரதம் உட்கார்ந்து அதை அடக்கி வைத்திருக்கும். டி.ஜி.எஃப்.-பீட்டா ஏறினால் மிர்-192 என்ற துணுக்கு கூடுகிறது. மிர்-192 அந்தத் தடைப்புரதத்தின் நகலைக் குறைக்கிறது. காவலாளி குறைந்ததும் கொலாஜன் பெருகுகிறது. சர்க்கரை நோய் வந்த எலிகளின் வடிகட்டி முடிச்சுகளிலும் மிர்-192 கூடியிருந்தது. பின்னால் 2012இல் இதே துணுக்கை அடக்கும் மருந்தைச் சர்க்கரை எலிகளுக்குக் கொடுத்தபோது தழும்பு குறைந்தது.

இங்கேயே நிறுத்தினால் அந்த வாட்ஸப் செய்தி சரிதானே என்று தோன்றும். மிர்-192ஐ அடக்கினால் போயிற்று! ஆனால் 2010இல் பிரிட்டனில் கார்டிஃப் நகரக் குழு ஒன்று, எலியை விட்டுவிட்டு, சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட மனிதர்களின் பயாப்ஸித் துண்டுகளைப் பார்த்தது. அங்கே கதை நேர் எதிராக இருந்தது. யாரிடம் தழும்பு அதிகமோ, வடிகட்டும் திறன் குறைவோ, அவர்களிடம் மிர்-192 குறைவாக இருந்தது. நுண்குழாய்ச் செல்களில் டி.ஜி.எஃப்.-பீட்டா அதைக் கூட்டவில்லை, குறைத்தது.

நான் இந்த இரண்டு கட்டுரைகளையும் மாணவியாக அடுத்தடுத்த நாளில் படித்தேன். இரண்டில் ஒன்று தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் வாதாடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு பேரும் ஒரே செல்லையா பார்த்தாங்க?" முடிச்சுக்குள் இருக்கும் செல்லில் தீமை செய்யும் துணுக்கு, அதே சிறுநீரகத்தில் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும் குழாய்ச் செல்லில் காவலாக இருக்கலாம். நோயின் எந்தக் கட்டத்தில் பார்க்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். மிர்-29 குடும்பத்திலும் இதே சிக்கல் உண்டு. கொலாஜனை நேராக அடக்கும் நல்ல துணுக்கு என்று ஒரு பக்கம் சான்று இருக்க, அதன் உறவு ஒன்று போடோசைட்டைக் கெடுக்கிறது என்று இன்னொரு பக்கம் சான்று இருக்கிறது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிற ஊசி ஒன்றால் இதை எப்படிச் சரிசெய்வது? முடிச்சுக்கு ஒரு கட்டளை, குழாய்க்கு ஒரு கட்டளை என்று பிரித்துக் கொடுக்க இன்னும் நம்மால் முடியவில்லை.

மருந்தாக முயன்றே பார்த்தார்கள். மிர்-21 என்ற துணுக்கு சிறுநீரகத் தழும்பைத் தூண்டுகிறது என்று எலிகளில் தெளிவாகத் தெரிந்தது. அதை அடக்கும் லாடெமிர்சென் என்ற ஊசிமருந்தை ஆல்போர்ட் நோய் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். அது சர்க்கரையால் வருவதில்லை, பிறப்பிலேயே வரும் சிறுநீரக நோய். எலியில் அழகாக வேலை செய்த மருந்து மனிதர்களிடம் பலன் தருகிற அறிகுறியைக் காட்டவில்லை. 2022இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா டயாலிசிஸில் ஏறியதும் அதே வருடம்தான்.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நெருங்கிய சொந்தமான இன்னொரு சிறு ஆர்.என்.ஏ. வகை 2018லேயே மருந்தாக அனுமதி பெற்றுவிட்டது. அதே வகையில் 2020இல் வந்த லுமாசிரான், குழந்தைப் பருவத்திலேயே ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் கெடும் ஓர் அபூர்வ நோய்க்கானது. ஆனால் அந்த மருந்துகள் போய்ச் சேருமிடம் கல்லீரல். கல்லீரலுக்குள் நுழைய ஒரு சர்க்கரைச் சாவியை லுமாசிரான் போன்றவற்றோடு கட்டி அனுப்பும் வித்தை கைவந்துவிட்டது. வடிகட்டி முடிச்சுக்கு அப்படி ஒரு சாவி இன்னும் கைக்கு வரவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மருந்து எதுவும், சர்க்கரை சிறுநீரக நோய்க்கு, உலகத்தில் எங்கேயும் அனுமதி பெறவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். தம்பி, இது முக்கியமாக உங்களுக்கு.

அடுத்து டெஸ்ட். 'சிறுநீரில் ஆர்.என்.ஏ. பார்த்து கிட்னியின் எதிர்காலத்தைச் சொல்கிறோம்' என்று பேக்கேஜ் போட்டு யாராவது நாளை வரலாம் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். என் அன்றாட வேலையே அதுதான். சிறுநீர் மாதிரி ஐஸில் வரும். சுழற்றியில் சுழற்றினால் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படிவு நிற்கும். அதிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். நம் விரல் நுனியில் இருக்கும் நொதியே அதைத் தின்றுவிடும் என்பதால் கையுறை மாற்றி மாற்றி வேலை செய்வோம். பிறகு மெஷினில் இரண்டு மணி நேரம். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். எத்தனையாவது சுற்றில் ஏறுகிறது என்பதுதான் விடை. ஆனால் எதோடு ஒப்பிடுவது? காலையில் இரண்டு டம்ளர் மோர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். எல்லோரிடமும் மாறாமல் இருக்கும் ஓர் அளவுகோல் துணுக்கு எது என்று ஆய்வகங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ரத்தத்தில் பார்த்தாலோ, ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலும் அவற்றிலிருக்கும் மிர்-451 கொட்டிக் கணக்கே கெட்டுவிடும்.

ஆனாலும் பாஸ்டனில் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தார் 2015இல் வெளியிட்டதை நான் மதிக்கிறேன். டைப் 1 சர்க்கரைக்காரர்களின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். சில துணுக்குகள் கூடியிருந்தவர்களின் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்திருந்தது. வேறு சில துணுக்குகள் கூடியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவாக இருந்தது. அதாவது எரியும் முன்பே புகை இருந்திருக்கிறது. புகையை ஊருக்கு ஊர் நம்பி அளக்கும் கருவி மட்டும் இன்னும் தயாராகவில்லை.

'எரியும் முன்பே' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை எல்லாம் பழைய தோல் டிக்கெட் பையில் சுருட்டிப் போட்டு வைத்திருந்தார். டயாலிசிஸ் தொடங்கிய வாரத்தில் ஒரு ராத்திரி அந்தப் பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் சீட்டு 1999; அப்போது அவருக்கு 41 வயது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பிறகு சர்க்கரை, கிரியாட்டினின். நம் ஊரில் 'உப்பு' என்போமே, அந்தக் கிரியாட்டினின் 0.9. பக்கத்தில் நீல மையில் ஒரு டிக். சில வருடம் கழித்து 1.0, டிக். 1.1, டிக். 2013இல் 1.2, அதற்கும் டிக், 'நார்மல்' என்று எழுதி அடிக்கோடு வேறு. என் படிப்புக்குப் பணம் கட்டிய அடுத்த சில வருடங்களில் சீட்டே இல்லை. 2016இல் கால் வீங்கிப் போனபோது உப்பு 1.8. அன்றுதான் முதல்முறையாகச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம் 1,140. 30க்குக் கீழே இருக்க வேண்டியது.

வயதையும் உப்பையும் வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது. நானே போட்டுப் பார்த்தேன். 1999இல் 110 இருந்திருக்கிறது. 'நார்மல்' என்று அடிக்கோடு போட்ட 2013இல் 71. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்ட நாளில் வீட்டுக்கு வந்து, உப்பு சரியா இருக்காம் என்று அம்மாவிடம் சொல்லி, அன்று சேமியா பாயசம் வைக்கச் சொன்னார். எனக்கு அந்தப் பாயசம் ஞாபகம் இருக்கிறது. சிறுநீர் நுரைக்கிறது என்று அவர் இரண்டொரு தடவை சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. பினாயில் ஊற்றியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

எந்த டாக்டரையும் இங்கே குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வருடக் கணக்கு என் மனதை அறுக்கிறது. அந்தப் புழுவில் சின்ன ஆர்.என்.ஏ.வைக் கண்ட அதே 1993இல் வேறு இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. டி.சி.சி.டி. என்ற அமெரிக்க ஆய்வு, டைப் 1 சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்குவது 39 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. கேப்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை, சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட டைப் 1 சர்க்கரைக்காரர்களில் மரணம், டயாலிசிஸ், மாற்று அறுவை ஆகியவற்றின் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று இன்னொன்று காட்டியது. 2001இல் அந்த மாத்திரையின் சொந்தக்கார வகை, லோசார்டன், டைப் 2க்கும் உதவும் என்று நிரூபணமானது. அப்பாவுக்குச் சர்க்கரை தெரிந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது. 2016 வரை அவருடைய பையில் இந்த இரண்டு மாத்திரைகளில் எதன் பெயரும் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை.

டி.சி.சி.டி.யில் கலந்துகொண்டவர்களைப் பிறகும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு முடிந்து இரு பிரிவினரின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்த பின்னும், முதல் வருடங்களில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களின் சிறுநீரகம் பல ஆண்டுகள் மேலாகவே இருந்தது. உடம்பு பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு எங்கே எழுதப்படுகிறது என்று தேடுபவர்கள் கை வைக்கும் இடங்களில் ஒன்று இந்தச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள். டி.ஜி.எஃப்.-பீட்டா மிர்-192ஐ ஏற்ற, அது மிர்-216, மிர்-217 என்ற வேறு துணுக்குகளையும் எழுப்பிவிட, ஒரு முறை ஓடத் தொடங்கிய சுற்று தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது என்பதற்கு எலிகளில் சான்று உண்டு. என் பன்னிரண்டு வருட ஆராய்ச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: உப்பு ஏறுவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் உங்களைத்தான் பார்க்கிறேன், உள்ளே கட்டிலில் இருப்பவர்களை அல்ல. நாம் அவர்களுடைய பிள்ளைகள். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை இருப்பதாக, சென்னையில் உள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையத்தார் ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் சொன்னது. சர்க்கரைக்காரர்களில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவில் சிறுநீரகம் பாதிக்கிறது. அதிலும் இது குடும்பத்தோடு ஓடுகிற பாதிப்பு. நம் பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் நால்வர் என்று எனக்கே தெரியும். அந்த நால்வரில் எத்தனை பேர் சிறுநீரில் ஆல்புமின் பார்த்திருக்கிறீர்கள்?

சர்க்கரை இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஆல்புமின், கிரியாட்டினின் விகிதத்தைப் பாருங்கள். டைப் 2 என்றால் தெரிந்த நாளிலிருந்தே. டைப் 1 என்றால் ஐந்து வருடத்திலிருந்து. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் இருக்கும் நாட்களில் கொடுக்காதீர்கள். பொய்யாக ஏறிக் காட்டும். 30க்கு மேல் வந்தால் பயந்துவிட வேண்டாம். மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். கூடவே கிரியாட்டினினைப் பார்க்கும்போது, டிக்கோடு விடாமல், வடிகட்டும் திறன் எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சிலருக்கு ஆல்புமின் கசியாமலே திறன் குறையும். சர்க்கரை இல்லாதவர்கள் முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். செலவு, வாரத்துக்கு நாம் கொடுக்கும் ஆட்டோ கூலிக்குள் அடங்கும்.

கசிவு தெரிந்தால் இன்று கையில் ஆயுதம் இருக்கிறது. லோசார்டன் போன்றவை பல வருடமாக மலிவாகவே கிடைக்கின்றன. 2019, 2020இல் வந்த ஆய்வுகளில் சிறுநீரக இழப்பைத் தெளிவாகக் குறைத்த கேனாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகையில், டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை நம் நாட்டில் 2020இல் முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஃபினெரினோன் வந்திருக்கிறது. செமாகுளூடைட் ஊசி சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2024இல் வெளியானது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் 'எனக்கு இது பொருந்துமா' என்று பெயர் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.

நான் சின்ன ஆர்.என்.ஏ. வேலையை விடப்போவதில்லை. முடிச்சுக்குள் நுழையும் சாவி ஒருநாள் கிடைக்கும் என்று நம்பித்தான் தினமும் ஐஸ் பெட்டியைத் திறக்கிறேன். அப்பாவுக்கு அது உதவாது. நேற்று ஊசி எடுத்த பிறகு, பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது, என் கையை எடுத்துத் தன் முழங்கையின் உள்பக்கம் வைத்தார். ஃபிஸ்டுலாவுக்குள் ரத்தம் ஓடும் அதிர்வு, பூனை உறுமுவதுபோல் உள்ளங்கையில் ஏறியது. "பஸ் இன்ஜின் மாதிரி ஓடுது பாரு" என்றார். பிறகு, "நீ டெஸ்ட் பண்ணிட்டியா?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஆல்புமின் 12.

வரும் சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை அதே பெஞ்சில்தான் இருப்பேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பையில் சீட்டுகள் இருக்கும். அப்பாவுடையதோ அம்மாவுடையதோ வேண்டாம், உங்களுடையதைக் கொண்டுவாருங்கள். தேதிவாரியாக அடுக்கி, வடிகட்டும் திறனை உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். போனை நீட்டிய தம்பி கட்டாயம் வர வேண்டும்.

உங்கள்,
மூன்றாம் நம்பர் கட்டில் பெரியவரின் மகள்